வீட்டில் அடித்த சீடி வானில் ஏன் துள்ளுகிறது?

அண்ணை, நான் மாங்குளத்தில் ஹயர் வான் ஓடுகிறேன். பழைய ஹையேஸ், ஜப்பானில் இருந்து வரும்போது பூட்டியிருந்த சீடி செட்தான் இன்னும் இருக்கு. தங்கச்சியின் லப்டொப்பில் பாட்டு அடித்துப் போட்டால் முதல் கொஞ்சப் பாட்டு நல்லாப் போகும், பிறகு விக்கத் தொடங்கும், கடைசிப் பாட்டுகள் ஒரேயடியாகத் துள்ளும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிப் போகும்போது அம்மன் பாட்டு நடுவிலே நின்று மானமே போய்விட்டது. கடையில் வாங்கின ஒரிஜினல் சீடி மட்டும் துள்ளுவதில்லை. செட்டை மாற்ற வேணுமா?
— வான் சாரதி, மாங்குளம்

செட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். ஒரிஜினல் துள்ளவில்லை, அடித்ததுதான் துள்ளுகிறது, அதுவும் கடைசிப் பாட்டுகளில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

சீடியை செட் உள்ளே இருந்து வெளியே வாசிக்கும். முதல் பாட்டு நடு ஓட்டைக்குக் கிட்ட இருக்கும், கடைசிப் பாட்டு வெளி விளிம்பில். விளிம்பில்தான் எல்லாக் கஷ்டமும். தட்டு கொஞ்சம் வளைந்திருந்தால் ஆட்டம் அங்கேதான் அதிகம், விரல் அடையாளம் விழுவதும் அங்கேதான், வேகமாக அடிக்கும்போது ரைட்டர் உச்ச வேகத்தில் எழுதுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே 80 நிமிடச் சீடியில் 80 நிமிடத்துக்கும் பாட்டை அடைக்காதீர்கள். 70 நிமிடத்தோடு நிறுத்திப் பாருங்கள். 90, 99 நிமிடம் என்று விற்கும் தட்டுகளில் இடத்தைக் கூட்ட வரிகளை நெருக்கியிருப்பார்கள், பழைய செட்டுக்கு அவை சரிவராது.

அடுத்தது வேகம். லப்டொப்பை அதன் போக்கில் விட்டால், பாட்டு ஓடும் வேகத்தைப் போல 24 மடங்கு என்று கூடின வேகத்தைத்தான் எடுக்கும். நீங்கள் 8 அல்லது 16 எடுங்கள். 8 மடங்கில் ஒரு முழுச் சீடிக்குப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம். சிலர் 1, 2 மடங்கில் அடித்தால் இன்னும் திறம் என்று சொல்வார்கள், ஆனால் இப்போது வரும் தட்டுகளின் சாயம் கூடின வேகத்துக்கென்றே செய்தது, மிக மெதுவாக அடித்தால் சிலவேளை பிழைதான் கூடும்.

சாயம் என்றேனே, ஒரிஜினலுக்கும் அடித்ததுக்கும் வித்தியாசமே அதுதான். ஒரிஜினல் சீடியில் குழிகளை அச்சில் அழுத்தி மேலே அலுமினியம் பூசுவார்கள். நாம் அடிக்கும் தட்டில் குழி கிடையாது, ஒரு சாயப் படையை லேசரால் சுட்டு அடையாளம் வைக்கிறோம், அவ்வளவுதான். திரும்பி வரும் வெளிச்சம் ஒரிஜினலை விடக் கொஞ்சம் குறைவு. செட் புதிதாக இருந்தபோது இந்த வித்தியாசத்தைச் சமாளித்திருக்கும், வயது போய் லேசர் களைத்தால் முதலில் கைவிடுவது அடித்த சீடியைத்தான். அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டு இன்னும் மோசம். அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் 15 முதல் 25 வீதம்தான், பழைய வாகனச் செட்டுகள் பலவற்றுக்கு அப்படியொரு தட்டு உள்ளே இருப்பதே தெரியாது.

தட்டின் கொம்பனியையும் மாற்றிப் பாருங்கள். விலை குறைவென்று 50 தட்டுக் கட்டு ஒன்றை ஒரேயடியாக வாங்காமல், வேறு வேறு கொம்பனியில் ஒவ்வொன்று வாங்கி, ஒரே பாட்டுகளை ஒரே வேகத்தில் அடித்து வானில் போட்டுப் பார்த்தால் உங்கள் செட்டுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதில் பொதுவான சிபாரிசு கிடையாது, ஒரு செட்டுக்குப் பிடித்தது மற்றதுக்குப் பிடிக்காது.

இன்னுமொன்று, நீங்கள் எழுதவில்லை ஆனால் எங்கள் பக்கத்துச் சாரதிமார் எல்லோரும் செய்வது. சீடியை வெயில் மறைப்பில் சொருகி வைப்பது, டாஷ்போர்ட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவது. பூட்டிய வானின் கண்ணாடிக்குக் கீழே சித்திரை வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தட்டு வளையும், சாயமும் வெளிறும். போன மாதம் நன்றாகப் பாடிய சீடி இந்த மாதம் விக்குவதற்கு அதுவே போதும்.

புழுதி பட்ட சீடியைச் சாரத்து நுனியால் வட்டமாகத் துடைப்பதையும் விடுங்கள். புழுதி என்பது மணல்தானே, வட்டமாகத் தேய்த்தால் பாட்டு ஓடும் பாதை நீளத்துக்கே கீறல் விழும். சீடியில் பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, பாதையில் 2.5 மில்லிமீட்டர் அளவு அழிந்தாலும் செட் கணக்குப் போட்டுச் சரிப்படுத்திவிடும். குறுக்கே விழுந்த கீறலைத் தாண்டிவிடும், பாதையோடு ஓடும் கீறலில் மாட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பலர் மினுங்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, எழுதும் பக்கத்தைக் கீழே போட்டு இழுப்பார்கள். பாட்டு இருக்கும் படை அந்த மேல் பக்கத்துக்குத்தான் கிட்ட, அதன்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டுமே. கீழ்ப்பக்கக் கீறலைத் தேய்த்து ஓரளவு சரிப்படுத்தலாம், மேல் பக்கம் உரிந்தால் கதை முடிந்தது. போல்பொயின்ற் பேனையால் அழுத்திப் பேர் எழுதவும் வேண்டாம். அம்மன் படம் ஒட்டிய லேபலும் வேண்டாம். ஒரு பக்கம் பாரம் கூடித் தட்டு ஆடும், சூட்டில் லேபல் கழன்று செட்டுக்குள் ஒட்டிக்கொண்டால் அதை எடுக்கச் செட்டையே பிரிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் துள்ளினால் லேசர் களைத்துவிட்டது. அப்போது செட்டைப் பற்றி யோசிக்கலாம்.

எனது பட்டா லொறியில் புதுச் செட் பூட்டி ஒரு மாதம்கூட இல்லை. ஏ9 கார்ப்பெட் ரோட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, உள்ளே கிரவல் ரோட்டில் இறங்கினால் எந்தச் சீடி போட்டாலும் துள்ளுது, ஒரிஜினலும் துள்ளுது. கடைக்காரர் ரோட்டைக் குறை சொல்கிறார்.
— மீன் வியாபாரி, முள்ளியவளை

ரோட்டில் குறை இருக்கிறதுதான், ஆனால் அது மட்டுமென்று நான் நம்பவில்லை. ஓடாமல் நிற்கும்போது சுத்தமாகப் பாடி, குலுங்கும்போது எல்லாச் சீடியும் துள்ளினால் பூட்டிய விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்பக்கச் சட்டத்தில் மட்டும் தொங்க விட்டிருப்பார்கள், பின்பக்கத்தைத் தாங்க ஒரு பட்டியோ போல்ட்டோ போட்டிருக்க மாட்டார்கள். செட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அதுதான் விடை. படுக்கையாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பொதுவாக 30 பாகைக்கு மேல் சரிந்திருக்கக் கூடாது. சில செட்டுகளுக்கு, பெட்டியில் வரும்போது உள்ளே ஆடாமல் இருக்க மேல் மூடியில் ஆணி முடுக்கியிருக்கும், பூட்டுமுன் கழற்ற வேண்டியது. அதை மறந்து பூட்டினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் வேலை செய்யாது, ஒவ்வொரு பள்ளமும் நேரே லேசருக்குப் போகும். கடைக்காரரையே கூப்பிட்டு இதைக் காட்டச் சொல்லுங்கள்.

செட்டின் முகத்தில் எம்பி3 என்று போட்டிருந்தால் இன்னொரு வழியும் உண்டு, பாட்டை எம்பி3 கோப்பாகவே அடியுங்கள். குலுக்கலைச் சமாளிக்கச் செட்டுக்குள் ஒரு சிறு நினைவகம் இருக்கும், முன்கூட்டியே வாசித்து வைத்து அதில் இருந்து பாடும். சாதாரண ஓடியோ சீடி ஒரு செக்கனுக்கு 1411 கிலோபிட் கேட்கும், 128 கிலோபிட்டில் செய்த எம்பி3க்கு அதில் பதினொன்றில் ஒரு பங்கு போதும். ஆகவே அதே நினைவகம் கூடின நேரம் தாக்குப்பிடிக்கும். ஒரு தட்டில் பன்னிரண்டு மணித்தியாலப் பாட்டும் கொள்ளும், முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் போய்வந்தாலும் முடியாது.

காரில் எம்பி3 சீடி போட்டால் சில பாட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் துள்ளுகிறது, சில பாட்டு வாசிக்கவே இல்லை. கொம்பியூட்டரில் எல்லாம் பாடுகிறதே?
— ஆசிரியை, கிளிநொச்சி

ஒரே இடத்தில் துள்ளினால், டீச்சர், அந்தப் பாட்டையே சந்தேகப்படுங்கள். கீறல் விழுந்த பழைய சீடியில் இருந்து எடுத்ததாக இருந்தால் துள்ளலும் சேர்ந்தே வந்திருக்கும். கொம்பியூட்டரில் அந்தக் கோப்பை அதே நிமிடம் வரை கேட்டுப் பாருங்கள்.

வாசிக்கவே இல்லை என்பது வேறு விஷயம். எம்4ஏ என்ற வேறு வகைக் கோப்பாக இறக்கிய பாட்டின் பேரை மாத்திரம் எம்பி3 என்று மாற்றியிருப்பீர்கள், பேர் மாறினால் உள்ளே மாறாது. கோப்புப் பேரைத் தமிழில் எழுதியிருந்தாலும் சில செட் முழிக்கும். தட்டே முழுதாக வாசிக்காவிட்டால், வெற்றுச் சீடி போட்டதும் விண்டோஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் மாறியிருக்கும். யூஎஸ்பி ப்ளாஷ் ட்ரைவ் போல என்பதைத் தொடாமல், சீடி, டிவிடி ப்ளேயருக்கு என்பதைத் தெரிவு செய்யுங்கள். வெறும் டிவிடித் தட்டில் அடித்துவிட்டுச் சீடி செட்டில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் அப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

லென்ஸ் கிளீனர் சீடி போடலாமா? இங்கே செம்மண் புழுதி.
— வாசகர், புதுக்குடியிருப்பு

போடலாம், ஆனால் எப்போதாவது. சிறு தூரிகை வைத்த அந்தச் சீடி வரண்ட தூசியை மட்டும் தட்டும், ஒட்டிப் பிடித்த அழுக்குக்குச் செட்டைக் கழற்றி, பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டு மெதுவாக ஒற்ற வேண்டும், கை பழகியவரிடம் கொடுங்கள். மாரியில் காலைப் பனிக்கு முதல் பாட்டு மட்டும் துள்ளிப் பிறகு சரியானால் லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது, சீடியை வெளியே எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

இந்தக் காலத்தில் யார் சீடி அடிக்கிறார்கள்? பென் ட்ரைவ் குத்தினால் முடிந்ததே.
— வாசகர், வவுனியா

குத்த இடம் இருந்தால் சரி. ஜப்பானில் இருந்து வந்த பழைய செட் பலதில் யூஎஸ்பி கிடையாது, ரேடியோவும் உதவாது. அவர்களுடைய பழைய எஃப்எம் 76 முதல் 90 வரைதான், எங்கள் சேவைகளில் 90க்கு மேலே இருப்பவை அதில் பிடிக்காது. அதனால்தான் இந்த வாகனக்காரர் சீடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிகரெட் லைட்டர் பொட்டுக்குள் சொருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வாங்கினால் போனில் இருக்கும் பாட்டை அனுப்பலாம், ஆனால் அது 87.5 இல் இருந்துதான் தொடங்கும். ஆகவே இரண்டுக்கும் பொதுவான 87.5 முதல் 90 வரைக்குள் வேறு சேவை கேட்காத இடமாகப் பார்த்து இரண்டையும் வையுங்கள். ஏ9 நீளத்துக்கு ஓடும்போது இடையில் வேறு சேவை குறுக்கே வந்தால் இன்னொரு புள்ளிக்கு மாற்ற வேண்டிவரும். வான் ஓடுகிறவர் அதைக் கையில் எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கட்டும்.