4 ஹை விளக்கு எரிகிறது, முன்சக்கரம் இழுக்கவில்லை

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் போய்வர, பத்து வருடம் ஓடிய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். குமிழைத் திருப்பினால் 4 ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) விளக்கு எரிகிறது. ஆனால் சேற்றில் பின்சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது. "சென்சார்தான், சின்ன வேலை" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: சென்சார் என்றால் அவர் செலவிலேயே மாற்றித் தரட்டும், அப்புறம் பணம் கொடுங்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சென்சார் கெட்டால் பெரும்பாலும் விளக்கு எரியாது, இல்லையென்றால் மினுக்கிக்கொண்டே இருக்கும். இங்கே விளக்கு ஒழுங்காக எரிகிறது. பல வண்டிகளில் அந்த விளக்கு, விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4 ஹைக்கு மாறிவிட்டதை மட்டும்தான் சொல்லும். விசை சக்கரம் வரை போனதா என்பது அதற்குத் தெரியாது.

முதலில் குனிந்து அடியில் பாருங்கள். முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன்பக்கத்துக்கு விசை கொண்டுபோகும் நீளத் தண்டு) இருக்கிறதா? சத்தம் வருகிறது என்று அதையே கழற்றிப் போட்டுவிட்டு விற்பவர்களும் உண்டு.

இருந்தால், மண் தரையில் 4 ஹையில் போட்டுச் சில மீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஷாஃப்டின் அடிப்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு ஓரடி மட்டும் நகர்த்தி, மறுபடி அணைத்துவிட்டுப் பாருங்கள். அதிகம் நகர்த்தினால் ஷாஃப்ட் முழுச் சுற்று சுற்றி, கோடு பழைய இடத்துக்கே வந்து ஏமாற்றிவிடும். கோடு நகரவே இல்லை என்றால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம்: ஷிஃப்ட் மோட்டார், வயரிங், உள்ளே ஃபோர்க் அல்லது செயின். கோடு நகர்ந்தும் சக்கரம் இழுக்கவில்லை என்றால் முன் ஹப்களை, அதாவது முன்சக்கரங்களை அச்சோடு பூட்டும் நடுப் பாகங்களைச் சந்தேகப்படுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் என் ஊகம் ஹப்தான். ஹப் நடுவில் கையால் திருப்பும் குமிழ் இருந்தால், அது லாக்கில் இருக்கிறதா பாருங்கள். சில சமயம் கதை அதோடு முடிந்துவிடும். வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) பூட்டும் ஹப் என்றால், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம். இன்ஜின் ஓடும்போது உதவிக்கு ஒருவர் 4 ஹை போட, மெக்கானிக் ஹோஸ் முனையில் விரல் வைத்தால் உறிஞ்சுவது தெரியும். ஒரு பக்க ஹப் மட்டும் பூட்டாவிட்டாலும் இரண்டு முன்சக்கரமும் இழுக்காது. இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல், அதைச் சும்மா சுற்றும் பக்கமே அனுப்பிவிடும். அதனால் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோஸ் என்றால் சில்லறைச் செலவு, வாங்கலாம். ஹப் போயிருந்தால் உதிரிபாக விலையைக் கேட்டு, அதைக் கழித்துப் பேசுங்கள். கோடு நகராமல் இருந்தாலும், பழுது பார்த்த பிறகு மேட்டில் ஏறும்போது அடியில் 'டக் டக்' என்று செயின் தாவுகிற சத்தம் வந்தாலும், டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே மாதிரித் தேய்ந்தவையா என்பதையும் பாருங்கள். சைஸ் கலந்து போட்டு 4 ஹையில் ஓட்டியிருந்தால் அந்தச் செயின்தான் அடி வாங்கியிருக்கும்.

விற்பவர் டீலர் என்றால், "ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யும் நிலையில்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அந்த வரி வேண்டும்.