லண்டனுக்கு முதல் பயணம்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: நானும் மனைவியும் போகிறோம். லண்டன் ரயில், பேருந்துக்கான ஆய்ஸ்டர் கார்டு வாங்கியே ஆகவேண்டுமா?

பதில்: வேண்டாம். கையில் இருக்கும் கான்டாக்ட்லெஸ் (தட்டினாலே பணம் கட்டும்) வங்கி கார்டே போதும். வெளிநாட்டில் செலவழித்தால் வங்கி தனியாக ஏதாவது பிடிக்குமா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பிடிக்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதைத் தொட்டபின் எத்தனை முறை ஏறினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றித் தட்டினால் இரண்டு பேராகக் கணக்கு வைக்கும், வரம்பு வீணாகிவிடும். சுரங்க ரயிலில் வெளியே வரும்போதும் தட்டுங்கள். மறந்தால் அதிகபட்சக் கட்டணம்தான்.

கேள்வி: பேருந்தில் சில்லறை வாங்குவார்களா?

பதில்: 2014 முதல் வாங்குவதில்லை. அதே கார்டை ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்து மாறினால் மறுபடி கட்டணம் கிடையாது.

கேள்வி: சுரங்க ரயில் வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறேன். சரிதானே?

பதில்: அங்கேதான் ஏமாறுவோம். ஹாரி பெக் வடிவமைத்து 1933இல் வெளியான வரைபடத்தின் பாணி அது. எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு எது என்று சொல்லும், தூரத்தைச் சொல்லாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் 300 மீட்டர்கூட இல்லை. அது தெரியாமல் ரயில் ஏறினேன். இறங்கிய இடத்தில் லிஃப்டுக்கு வரிசை. பொறுமை போய்ப் படியேறினால் 193 படிகள்!

அதனால் ஒரு பகுதிக்கு ஒரு நாள் என்று வைத்து நடந்துவிடுங்கள். செயின்ட் பால்ஸ் தேவாலயத்திலிருந்து மில்லேனியம் பாலம் வழியாக ஆற்றைக் கடந்தால் எதிரே டேட் மாடர்ன் என்ற நவீன ஓவியக் காட்சியகம், நுழைவு இலவசம். அப்புறம் கரையோரமாகக் கிழக்கே போனால் பரோ மார்க்கெட், டவர் பிரிட்ஜ், அக்கரையில் லண்டன் கோட்டை (டவர் ஆஃப் லண்டன்). பழகிய செருப்போடு போங்கள், புது ஷூ வேண்டாம்.

கேள்வி: இரண்டு கோபுரம் உள்ள பாலம்தானே லண்டன் பிரிட்ஜ்?

பதில்: அது டவர் பிரிட்ஜ். லண்டன் பிரிட்ஜ் சற்று மேற்கே இருக்கும் சாதாரணப் பாலம்.

கேள்வி: ஏழு வயதுப் பையன் கூட வருகிறான். அவனுக்கு என்ன காட்டலாம்?

பதில்: கிரீனிச்சுக்கு டிஎல்ஆர் (டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலில் கூட்டிப் போங்கள். 11 வயதுக்குக் குறைவானவர்களுக்கு, பெரியவர் உடன் வந்தால், கட்டணம் இல்லை. அந்த ரயிலில் ஓட்டுநர் அறை கிடையாது, முதல் இருக்கையில் உட்கார்ந்தால் தானே ஓட்டுவதுபோல் இருக்கும். பேங்க் ஸ்டேஷனில் ஏறுங்கள். வண்டி அங்கேயே புறப்படுவதால் அந்த இருக்கையைப் பிடிப்பது எளிது.