நினைவிழந்து நாடு கடத்தப்பட்ட ஃபேரி இளவரசனின் கதையைத் தமிழ் மண்ணில் வைத்து நாவலாக எழுத முடியுமா?

கேள்வி கேட்டவர், நாடு கடத்தப்பட்டுத் தன் நினைவையும் பறிகொடுத்த ஃபேரி இளவரசன் ஒருவனைப் பற்றி மிகுபுனைவு நாவல் எழுதி வருவதாகவும், நாற்பது பக்கம் கடந்த பின்னும் அது ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததைப் போலவே ஒலிப்பதாகவும் வருந்தியிருக்கிறார். இந்தக் கரு நம் மண்ணில் ஒட்டுமா என்பது அவருடைய ஐயம். ஒட்டும் என்பதே என் பதில். சீர்காழிக்குக் கிழக்கே, காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் ஒரு கிராமம் என் ஊர். இதே கருவோடு ஏழு ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறேன். ஒரு வரைவை முழுவதுமாகக் கைவிட்டு இரண்டாவதை எழுதிக் கொண்டிருக்கிறேன்.

கைவிட்ட வரைவில் ஓக் மரக்காடு இருந்தது, பனி பெய்தது, வெள்ளிக் கிண்ணத்தில் மது இருந்தது. பனி பெய்வதை நான் கண்ணால் கண்டதே இல்லை. கும்பகோணத்தில் மாதம் ஒரு முறை கூடும் வாசகர் வட்டத்தில் இரண்டு அத்தியாயங்களைப் படித்துக் காட்டியபோது, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, இந்தப் பிள்ளைக்குப் பசித்தால் யார் சோறு போடுவார்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்பும்போதே, எழுதியது எதுவும் தேறாது என்று தெரிந்துவிட்டது.

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. தேவதை என்று எழுதினால் வாசகர் மனத்தில் பெண்ணுருவம்தான் எழும். தேவன் என்றால் கோயில் நினைவு வந்துவிடும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் வழக்கில் ஃபேரிகள் கடவுளருக்கும் மனிதருக்கும் இடைப்பட்டவர்கள். அழகும் இசையும் கோபமும் உடையவர்கள். பழைய மண்மேடுகளுக்கு அடியில் குடியிருப்பவர்கள் என்று நம்பி, அந்த மேடுகளை உழாமல் விட்டு வைத்த உழவர்கள் அங்கே உண்டு. நம் காப்பியங்களில் இவர்களுக்கு மிக அருகில் வருபவர்கள் விஞ்சையர், அதாவது வானில் செல்லும் மந்திரம் அறிந்த வித்தியாதரர். வெள்ளிமலைப் பக்கத்து விஞ்சை வீரன் ஒருவன், புகாரில் நடக்கும் இந்திர விழாவைக் காட்டுவதற்காகத் தன் காதலியை அழைத்துக்கொண்டு கங்கையும் விந்தமலையும் வேங்கடமும் கடந்து வருவதைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை சொல்கிறது. விண்ணிலிருந்து வந்தவன் நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்பது நமக்குப் புதிது இல்லை. என் நாயகனை விஞ்சையன் என்று மாற்றிய நாளிலிருந்து வாக்கியங்கள் தாமாகவே தமிழில் வரத் தொடங்கின.

அதைவிடப் பெரிய கொடை அதே காப்பியத்தின் அரங்கேற்று காதையில் இருக்கிறது. நாடு கடத்தப்பட்ட தேவலோக இளவரசன் நம்மிடம் முன்பே இருக்கிறான். அவன் பெயர் சயந்தன், இந்திரனின் மகன். இந்திர சபையில் ஊர்வசி ஆடும்போது அவளும் சயந்தனும் ஒருவரை ஒருவர் கண்டு மயங்க, ஆடலும் யாழும் நிலை குலைய, அகத்தியர் சினந்து சபித்தார். ஊர்வசி மண்ணில் பிறந்தாள், சயந்தன் மூங்கிலானான். ஆடற்கலையில் தேறிய மகளிருக்கு வழங்கப்படும் தலைக்கோல் என்னும் மூங்கில் கோலைச் சயந்தனாகவே பாவித்து வணங்கினார்கள். 'இந்திர சிறுவன் சயந்தன் ஆகென' என்பது இளங்கோவின் வாக்கு. போரில் தோற்ற மன்னனின் வெண்குடைக் காம்பை எடுத்து, கணுக்களில் மணி பதித்து, பொன் தகடு வேய்ந்து, அரண்மனையில் வைத்துப் போற்றுவார்கள். நல்ல நாள் பார்த்துப் பொற்குடத்து நீரால் நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் கையில் கொடுத்து, அரசனும் ஐம்பெருங்குழுவும் உடன்வர ஊர்வலமாக அரங்குக்குக் கொண்டு வருவார்கள். சாபம் நீங்கியதும் அந்தத் தலைக்கோல் தானத்தில், அதாவது ஆடல் அரங்கில்தான்.

இந்தப் பகுதியைப் பள்ளியில் மனப்பாடமாகப் படித்தவன் நான். இளவரசனைத் தேடி அலைந்த நாட்களில் மறுபடி படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மூங்கிலுக்கு நினைவு ஏது? தான் இந்திரன் மகன் என்பது அந்தக் கோலுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக நாடக மகளிர் அதை நீராட்டி, இவன் சயந்தன் என்று சொல்லி வந்ததால் அவன் சயந்தனாக இருந்தான். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஆடல் மகளிர் 'தலைக்கோலி' என்று பட்டம் பெற்றிருப்பதைக் காணும்போது, அந்த நினைவு எத்தனை நூற்றாண்டு நடந்து வந்திருக்கிறது என்று எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: மறதியை இளவரசனின் தலைக்குள் மட்டும் பூட்டி வைக்காதீர்கள், அதை ஊருக்குள் பரப்புங்கள். நம் மரபில் மறதி ஒரு தனி மனிதனின் நோயாக நின்றுவிடுவதில்லை, ஊரையே பாதிக்கும் வினை அது. மணிமேகலையைப் பாருங்கள். நெடுமுடிக்கிள்ளி என்னும் சோழன், நாக நாட்டுப் பீலிவளை பெற்றெடுத்துக் கப்பலில் அனுப்பிய தன் குழந்தை கடலில் காணாமற்போன துயரத்தில், இருபத்தெட்டு நாள் நடக்க வேண்டிய இந்திர விழாவை மறந்துவிடுகிறான். அதனால் புகாரைக் கடல் கொள்கிறது. காணாமற்போன இளவரசன் ஒருவன், அவனை நினைத்து விழாவை மறந்த அரசன் ஒருவன், அந்த மறதிக்கு விலையான ஒரு நகரம். இன்று பூம்புகார்க் கடற்கரையில் நின்று, அகண்ட காவிரி ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து கடலில் கலப்பதைப் பார்க்கும் யாருக்கும், இங்கே மறக்கப்பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை என்பது புரியும். மயிலாடுதுறையில் பழங்காவிரி என்றே பெயர் தாங்கிய ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஆறு கைவிட்ட தடத்துக்கும் ஊர் பெயர் வைத்துக் காத்திருக்கிறது.

அடுத்து, ஃபேரி வழக்கின் விதிகளை என்ன செய்வது என்ற கேள்வி. அவற்றை வீச வேண்டியதில்லை, நம் வீடுகளில் அவற்றுக்கு உடன்பிறப்புகள் உண்டு. ஃபேரிகளுக்கு இரும்பு ஆகாது. பிள்ளையை அவர்கள் மாற்றி வைத்துவிடக் கூடாதென்று தொட்டிலின் குறுக்கே இரும்பு இடுக்கியை வைக்கும் வழக்கம் அந்த நாடுகளில் இருந்தது. என் அப்பாயி உச்சி வேளையில் வயலுக்கு மீன்குழம்பும் சோறும் கொண்டு போகும்போது, தூக்குவாளியின் மூடிமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டையும் துருவேறிய ஆணி ஒன்றையும் வைத்துத்தான் வாசற்படி இறங்குவார். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் பாக்குவெட்டி இருக்கும். இதை என் நாவலில் பிழைப்போடு பிணைத்தேன். இரும்பைத் தொட முடியாதவனுக்கு நெல் விளையும் ஊரில் என்ன வேலை கிடைக்கும்? மண்வெட்டி பிடிக்க முடியாது, கருக்கரிவாள் பிடிக்க முடியாது. வெறுங்கையால் செய்யக்கூடிய நாற்றுப்பறி ஒன்றுதான் மிச்சம். விடியலுக்கு முன் நாற்றங்காலில் குனிந்து, வேர்ச்சேற்றை அலசி, முடி கட்டிக் கரையேற்றும் ஆட்களோடு அவன் நிற்கிறான். அறுப்புக் காலம் வந்தால் ஆளைக் காணோம். ஊர் அதைக் கவனிக்காமல் இருக்குமா?

சோறு யார் போடுவார்கள் என்ற ஆசிரியையின் கேள்விக்கும் அங்கேதான் விடை கிடைத்தது. ஃபேரி நாட்டில் ஒரு வாய் உண்டவன் தன் நாடு திரும்ப முடியாது என்பது அந்த வழக்கு. நான் அதைத் திருப்பிப் போட்டேன்: மண்ணுலகின் உப்பை உண்ட விஞ்சையன் வெள்ளிமலைக்குத் திரும்ப முடியாது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியை நாம் நன்றியைப் பற்றியதாக மட்டுமே படிக்கிறோம். உப்பையும் நினைவையும் முடிச்சுப் போட்ட வாக்கு அது. எல்லாவற்றையும் மறந்து வரப்பில் கிடப்பவனுக்கு, நடவுக்கு வந்த ஒருத்தி பழைய சோற்றில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கரைத்துக் கொடுக்கிறாள். அவன் வாழ்க்கையின் முதல் நினைவு அந்த உப்பின் கரிப்பு.

அவன் சரிந்து மனிதனாவதை எப்படிக் காட்டுவது என்று பலநாள் திணறினேன். நளவெண்பா வழிகாட்டியது. நளனைப் போலவே உருமாறி அமர்ந்த தேவர்களுக்கு நடுவே தமயந்தி தன் நளனை மூன்று குறிகளால் அறிகிறாள்: அவன் கண் இமைத்தது, கால் நிலத்தில் தோய்ந்தது, மாலை வாடியது. ஐரிஷ் வழக்கிலும், இளமை மாறாத நாட்டில் முந்நூறு ஆண்டு இருந்து திரும்பிய ஓஷீன், குதிரையிலிருந்து தவறித் தரையைத் தொட்ட கணத்தில் கிழவனாகிறான். இரண்டு மரபிலும் மண்ணே எல்லைக்கோடு. என் விஞ்சையனின் கால் முதலில் சேற்றில் புதைவதில்லை. சேற்றின்மேல் தட்டான்பூச்சி போல நிற்கிறான். ஒரு நாள் பாதத்தின் ஓரத்தில் சேறு ஒட்டுகிறது. பிறகு கணுக்கால் வரை. களத்தில் நெல் தூற்றும்போது பறந்த தூசு கண்ணில் விழுந்து அவன் முதன்முறை இமைக்கும் காட்சியை மட்டும் பதினொரு முறை எழுதினேன்.

நினைவு திரும்புவதை ஒரே அடியில் நிகழ்த்திவிடாதீர்கள். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் நீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரப் பல நாட்களாகும். வரும்போதும் முதலில் வருவது நுரையும் சருகும் செத்தையும்தான். பின்னால் கலங்கல் வரும். ஓடி ஓடித்தான் தெளியும். வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அதைச் சிறு வயது முதல் பார்த்து வந்தவன் என்பதால் என் நாயகனின் நினைவையும் அந்த வரிசையில் விட்டேன். முதலில் பொருளற்ற ஒலிகள், பிறகு யாருடையதென்று தெரியாத அழுகை, கடைசியில் தன் பெயர்.

கதையின் காலத்தை 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தில் தொடங்கி, மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-இல் முடிக்கிறேன். வெள்ளம் ஒதுக்கிய ஒருவனை யார், எவர் என்று துருவாமல் ஊர் ஏற்றுக்கொள்வது இயல்பு.

முடிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவன் நினைவு பெற்றுத் திரும்பிப் போக வேண்டுமா? மணிமேகலையில் காயசண்டிகை என்னும் விஞ்சை மகள், முனிவர் ஒருவரின் நாவற்கனியை மிதித்ததால் வானில் செல்லும் மந்திரத்தை இழந்து, பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பசியோடு புகாரில் அலைகிறாள். மணிமேகலை இட்ட சோற்றால் பசி தீர்ந்து, மகிழ்ச்சியோடு வானேறியவள், விந்தமலைக்கு நேர்மேலே பறந்ததால் அதன் காவல் தெய்வத்தின் வயிற்றில் அடங்கிவிடுகிறாள். அவளைத் தேடி வந்த கணவன் காஞ்சனன் புகாரில் வீணே காத்திருக்கிறான். அந்தப் பகுதியை எப்போது படித்தாலும் என் நெஞ்சு கனக்கும். இழந்ததை மீட்டவள் வீடு போய்ச் சேரவில்லை.

என் விஞ்சையனுக்கும் மந்திரம் நினைவுக்கு வந்துவிட்டது. சம்பா தலை சாய்ந்திருக்கிறது, அறுப்புக்கு ஆள் போதவில்லை. சோறு போட்டவள், "போறதுன்னா போயிட்டு வாங்க தம்பி" என்கிறாள். அவன் அவளிடம் கருக்கரிவாளைக் கேட்டு வாங்குகிறான். இப்போது அந்த அத்தியாயத்தைத்தான் எழுதிக் கொண்டிருக்கிறேன்.