ஒரே மூச்சில் எண்ணுங்கள்

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகளாக அவசரப் பிரிவில்தான் வேலை. அதிலேயே முதுநிலைப் பயிற்சிக்குப் போகலாம் என்று ஆசை. மாமியாருக்கு உடன்பாடில்லை. “இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தாலும் அதே ஊசிதானே போடப்போகிறாய்?” என்கிறார். என்னோடு வேலை செய்யும் மூத்த சிஸ்டரோ, “அனுபவம் சொல்லித்தராததைக் காலேஜ் என்ன சொல்லித்தந்துவிடும்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் கட்டுரைகளில் மருத்துவமனை அடிக்கடி வருவதால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியாரோடு நான் வாதாடப் போவதில்லை. வீட்டுக் கணக்கு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மூத்த சிஸ்டர் கேட்டதற்கு மட்டும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

1998 ஐப்பசி. அடைமழை. வயலில் தண்ணீர் நின்றால் பாம்புக்கும் மேட்டு நிலம் வேண்டும், அது நம் வீட்டுக் கூடம்தான். விடியற்காலை மூன்று மணிக்குப் பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரவு சாப்பிட்ட விரால் குழம்பின் மேல் பழி போட்டோம். வாடகை காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அங்கும் வாயு என்றுதான் சொன்னார்கள். ஓர் ஊசி போட்டு ஓரக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போய்விட்டார். எந்த மருத்துவமனை என்பது இப்போது தேவையில்லை.

பணியில் இருந்த சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். வந்து நின்று பார்த்தவர், “ராத்திரி கட்டிலில் படுத்தாரா, பாயிலா?” என்று கேட்டார். பாயில் என்றோம். டார்ச்சை எடுத்து இமைகளைப் பார்த்தார். நாங்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தோம். பிறகு பெரியப்பாவிடம், “மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, நடுவில் விடாமல் எண்ணுங்கள்” என்றார்.

பெரியப்பா நாற்பது வருஷம் களத்தில் நெல் அளந்தவர். அங்கே ஒன்று என்பதை ‘லாபம்’ என்றுதான் எண்ணுவார்கள். “லாபம், இரண்டு, மூன்று…” என்று ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டில் நிறுத்தினார். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார். பதினான்கு. குரல் மூக்கால் வந்தது.

அவர் டாக்டரின் கதவைத் தட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வயிற்றுவலி என்று வந்தவர், தரையில் படுத்தவர். இமை இறங்குகிறது. ஒரே மூச்சில் இருபத்திரண்டு எண்ணினார், கால் மணியில் பதினான்காகிவிட்டது.” அவ்வளவுதான். டாக்டர் செருப்பு போடாமல் ஓடிவந்தார். “அந்தப் பெரியவருக்கு என்னமோ போல இருக்கிறது, சார்” என்று சொல்லியிருந்தால், “பார்த்துக்கொள்ளுங்கள், வருகிறேன்” என்று உள்ளிருந்து பதில் வந்திருக்கும்.

கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும் பாம்பு. மூச்சு தளர்ந்ததால்தான் எண்ணிக்கை குறைந்தது. பல்பட்ட தடம் எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, வலியும் இல்லை. விஷமுறிவு மருந்து ஏறியது. ஆனால் இந்தப் பாம்பின் விஷம் நரம்பு நுனியில் போய் உட்கார்ந்துவிட்டால் மருந்தால் அதைப் பிடுங்க முடியாது, நரம்பு தானாகத் தேறும்வரை யாராவது மூச்சைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொண்டையில் குழாய் செருகித் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். 108 வருவதற்குப் பத்து வருஷம் முந்தைய காலம். அந்த சிஸ்டரே வேனில் ஏறிக்கொண்டு வழியெல்லாம் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ‘ஆம்பு’ பையை அமுக்கிக்கொண்டு வந்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. (எப்போது திறந்திருந்தது?) ரயில் போகும்வரை வேனுக்குள் அந்தப் பை சுருங்கி விரியும் ஓசை மட்டும்தான்.

பெரியப்பா அதன்பின் பன்னிரண்டு வருஷம் இருந்தார்.

இதுவரை சொன்னது மூத்த சிஸ்டர் கட்சிக்குத்தான் சாதகம். அந்த அம்மா மூன்று வருஷ டிப்ளமோ மட்டுமே படித்தவர். ஆனால் பின்னொரு நாள் அவரைத் தேடிப்போய், “பாயா கட்டிலா என்று கேட்க எப்படித் தோன்றியது?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. அதற்குச் சில வருஷம் முன்பு வேறொரு ஊரில் வயிற்றுவலி என்று ஒரு பையன் வந்தானாம். பன்னிரண்டு வயது. ஜெலுசில் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். தூங்குகிறான் என்று நினைத்திருக்கிறார். விடிந்தபோது மூச்சில்லை. “அவன்தான் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தான்” என்றார்.

அனுபவம் சொல்லித்தரும்தான். அதற்கு ஃபீஸ் கட்டியவன் அந்தப் பையன். காலேஜுக்குப் போவதற்கு இந்த ஒரு காரணம் போதாதா?

நம் பக்கத்துக்கு வரும் கேஸ்களை நினைத்துப் பாருங்கள். “மருந்து குடித்துவிட்டான்” என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வெளியூர்க்காரருக்கு விளங்காது, நமக்கு அது பூச்சிமருந்து. அதற்கான மாற்று மருந்து அட்ரோபினை ஏற்றியதும் நாடித்துடிப்பு கூடும், கண்மணி விரியும், பார்ப்பவருக்கு நிம்மதி வந்துவிடும். ஆனால் நெஞ்சில் நீர் வற்றியதா என்பதுதான் கணக்கு. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து விடிய விடிய அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் செவிலியர்தான். எலியைக் கொல்ல வைக்கும் எலிப்பசை இன்னும் மோசம். தின்றவர் மறுநாள் இட்லி சாப்பிடுவார், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடிப்பார். கல்லீரல் விழுவது அதற்குப் பிறகு. நன்றாக உட்கார்ந்து பேசும் ஒருவரைக் கூட்டிப்போகக் கூடாது என்று சொந்தக்காரர்களைத் தடுத்து நிறுத்த, வரப்போவது என்ன என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு மிகப் புதியது. மருத்துவர்களுக்கே அவசர மருத்துவம் தனி முதுநிலைப் பாடமாக ஏற்கப்பட்டது 2009-இல்தான். உங்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அவசரநிலை மற்றும் பேரிடர் நர்சிங்கில் ஓராண்டு டிப்ளமோ. இன்னொன்று, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலை. இரண்டாவதில் நோய்க்கூறும் மருந்தியலும் உடல் பரிசோதனையும் பி.எஸ்சி.யில் பார்த்ததைவிட ஆழமாக வரும். பெரும்பகுதி நேரம் வார்டில்தான் போகும். வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங்கும் இருக்கிறது. அதை முடித்த பலரும் விரிவுரையாளராகப் போய்விடுகிறார்கள். தவறில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் கரும்பலகைக்கு முன் நிற்க ஆசைப்படுகிறவராகத் தெரியவில்லை.

எந்தக் கல்லூரி என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காமல், அங்கே படிப்பவர்களைத் தேநீர்க் கடையில் பிடித்து விசாரியுங்கள். வருபவரை முதலில் பார்த்து, எவ்வளவு அவசரம் என்பதற்கேற்பச் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பிரிக்க மாணவரை விடுகிறார்களா? இரவுப் பணி உண்டா? பாம்புக்கடியும் மருந்து குடித்ததும் அங்கே வருகின்றனவா, இல்லை மாரடைப்பு மட்டும்தானா? குளிர்சாதன அறையில் பொம்மையை வைத்துப் பாடம் நடத்தும் இடத்துக்கு உங்கள் ஆறு வருஷத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் இல்லை. முதலில் அவரிடம் பேசுங்கள். விண்ணப்பித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இடம் கிடைத்துவிட்டால், முதல் இரவுப் பணியில் என்ன கேஸ் வந்தது என்பதையும்.