இலவச சட்ட உதவி வக்கீலை நம்பி கிரிமினல் கேஸை ஒப்படைக்கலாமா?

மாமா பையன் அடிதடி கேஸ்ல மூணு வாரமா உள்ள இருக்கான், வெளி வக்கீல் பெயிலுக்கு மட்டுமே நாப்பதாயிரம் கேக்கறார், கோர்ட்ல தர்ற இலவச வக்கீல் ஒழுங்கா நடத்துவாரா இல்ல பேருக்கு வந்து நின்னுட்டுப் போயிடுவாரான்னு கேட்டிருக்கீங்க. நான் வக்கீல் இல்ல. மேற்கு மாவட்டம் ஒண்ணுல சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல சட்டத் தன்னார்வலரா இருக்கேன், ஜெயிலுக்குப் போய் யாருக்கெல்லாம் வக்கீல் இல்லன்னு கேட்டு மனு எழுதி வாங்கறது, வீட்டுக்கு போன் போட்டு சொல்றது, கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் அலையறது, இதுதான் என் வேலை. இந்த வக்கீல்கள்ல உசிரைக் குடுத்து வேலை செய்யறவங்களையும் பாத்திருக்கேன், கட்சிக்காரன் மூஞ்சியே தெரியாம கேஸ முடிச்சவங்களையும் பாத்திருக்கேன்.

என் பதில் என்னன்னா, இலவச வக்கீலா காசு வாங்கற வக்கீலாங்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு விஷயம் பாருங்க. அவர் உங்க பையனை நேர்ல பாத்துப் பேசினாரா, கேஸ் கட்டை முழுசாப் படிச்சாரா. ஜெயிச்சாரா தோத்தாராங்கறது ரெண்டாம்பட்சம், சாட்சி பலமா இருந்தா எவ்வளவு பெரிய வக்கீலும் தோப்பார், ஆனா இந்த ரெண்டும் நடக்கலன்னா ஜெயிக்க வேண்டிய கேஸும் கையை விட்டுப் போயிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு பயத்தை எடுத்துடறேன். வருமானச் சான்று இல்ல, வி.ஏ.ஓ. கையெழுத்து கிடைக்கலன்னு நிறைய பேர் வாசல்லயே திரும்பிப் போயிடறாங்க. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்துல 12-வது பிரிவை எடுத்துப் பாருங்க, காவல்ல இருக்கற யாரா இருந்தாலும் வருமானம் பாக்காம வக்கீல் குடுக்கணும். பெண்கள், குழந்தைங்க, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கும் அதே மாதிரிதான். அந்தப் பிரிவுல பேர் சொல்லாத மத்தவங்களுக்குத்தான் வருமான வரம்பு, தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 3 லட்சம். உங்க பையன் உள்ள இருக்கான், அதனால இது அவன் உரிமை, யாரும் தயவு பண்ணல. 1986-ல சுக் தாஸ் வழக்குன்னு ஒண்ணு வந்துச்சு, வக்கீல் வேணும்னு அவர் கேக்கவே இல்ல, வக்கீல் இல்லாமலே விசாரிச்சு தண்டனை குடுத்துட்டாங்க, சுப்ரீம் கோர்ட் அந்த தண்டனையையே ரத்து பண்ணுச்சு. உனக்கு இலவசமா வக்கீல் கிடைக்கும்னு சொல்ல வேண்டியது கோர்ட்டோட கடமைன்னு சொல்லிடுச்சு. இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஆபீசுக்குள்ள போங்க, கூனிக் குறுகி நிக்காதீங்க.

இப்ப வக்கீல் விஷயம். முன்னாடி எல்லாத்துக்கும் பேனல் வக்கீல்தான். தனியா பிராக்டிஸ் பண்றவங்க பேரை லிஸ்ட்ல வச்சிருந்து, கேஸ் வந்தா ஒருத்தருக்கு எழுதிக் குடுப்பாங்க, கேஸுக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை, அதுவும் பில் போட்டு எப்பவோதான் கைக்கு வரும். அவருக்கு ஃபீஸ் குடுத்த கேஸை அதே நேரத்துல பக்கத்துக் கோர்ட்ல கூப்பிட்டா அவர் எங்க போவார்? இங்க வாய்தா வாங்கிட்டு அங்க ஓடுவார். ஆளைக் குறை சொல்லி ஆகப் போறது ஒண்ணுமில்ல, ஏற்பாடே அப்படித்தான் இருந்துச்சு. 2022-ல நால்சா, அதாவது தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு, டிஃபென்ஸ் கவுன்சில்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. இவங்க முழுநேர ஆளுங்க, மாசாமாசம் பணம், வெளி கேஸ் எடுக்கவே கூடாது, கிரிமினல் மட்டும்தான் பாப்பாங்க. தலைமையில இருக்கறவருக்கு குறைஞ்சது 10 வருஷ கிரிமினல் அனுபவம் வேணும், பெரிய குற்றங்களை விசாரிக்கற செஷன்ஸ் கோர்ட்ல 30 கேஸாவது நடத்தியிருக்கணும். அவருக்குக் கீழ துணை, அதுக்கும் கீழ உதவின்னு புதுசா வந்த பசங்க.

நான் பாத்த வரைக்கும் இந்த முறை பழசை விட எவ்வளவோ மேல். ஒரு கேஸ் சொல்றேன், ஆளைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மட்டும். உங்க பையன் கேஸ் மாதிரியே அடிதடி, வாய்க்கால் தகராறு. எஃப்.ஐ.ஆர்.ல அஞ்சு பேர் பேரு, அருவா, கொலை முயற்சின்னு இருக்கு. உதவி வக்கீலா இருந்த பொண்ணு, ரொம்ப சின்ன வயசு, ஜெயிலுக்கு வந்து அந்த ஆள்கிட்ட அரை நாள் உக்காந்து பேசுச்சு, அப்பறம் கட்டைப் பிரிச்சு ஒவ்வொரு தாளாப் படிச்சு ஏ.ஆர். காப்பியில வந்து நின்னுச்சு. ஏ.ஆர். காப்பின்னா அடிபட்டவர் ஜி.ஹெச்.சுக்குப் போனதும் டாக்டர் எழுதறது, யார் அடிச்சா எதால அடிச்சான்னு அவரே சொன்னதை அப்படியே எழுதுவாங்க. அதுல தெரிஞ்ச ரெண்டு பேர் கட்டையால அடிச்சதா இருக்கு. ராத்திரி ஆஸ்பத்திரில ரெண்டு பேரும் கட்டையும், மறுநாள் ஸ்டேஷன்ல அஞ்சு பேரும் அருவாளும். டாக்டரை கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, பண்றப்ப அந்தப் பொண்ணு இந்த ஒரே விஷயத்தைத்தான் பிடிச்சுக்கிச்சு, அவரும் ஆமா அப்படித்தான் சொன்னார்னு ஒத்துக்கிட்டார். அன்னைக்கு கூண்டுல நின்ன மனுஷன் விடுதலையாகி வந்தார். அம்பதாயிரம் ஒரு லட்சம் வாங்கறவங்க இதைப் பண்ணியிருப்பாங்களான்னு கேட்டா, படிக்கறவர் பண்ணியிருப்பார், படிக்காதவர் பண்ணியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

ஓட்டை இல்லையான்னா இருக்கு, பெரிய பெரிய ஓட்டையே இருக்கு. முதல் ஓட்டை ரிமாண்ட். பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை காவலை நீட்டிக்கறப்ப இப்ப நிறைய இடத்துல வீடியோவுலதான் காட்டறாங்க. ஜெயில்ல ஒரு ரூம்ல ஸ்கிரீன், வரிசையா நிப்பாங்க, பேரு சொன்னதும் ஒருத்தர் முன்னாடி வந்து கும்பிடுவார், அந்தப் பக்கம் தேதி சொல்லுவாங்க, அடுத்த ஆள். ஏன் உள்ள இருக்கோம், பெயில் போட்டாச்சா, சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, வந்துச்சான்னு வாயைத் திறந்து கேக்கறதுக்குள்ள அவர் அந்த ரூமை விட்டு வெளிய வந்துடுவார். வக்கீல் பக்கத்துல இருந்து நாலு வார்த்தை பேசணும்னா அங்கதான் பேசணும், அங்கதான் பல நேரம் யாரும் இருக்கறதில்ல. கேஸ் தொடங்கினதுக்கு அப்பறம் நல்ல வக்கீல் வந்து என்ன, போன நாள் போனதுதானே. நம்ம நாட்டு ஜெயில்ல இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேர் தண்டனைக் கைதியே இல்ல, விசாரணைக் கைதிங்க, 2022 கணக்கு அப்படித்தான் சொல்லுது. எனக்கு இதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

ரெண்டாவது ஓட்டை ஜாமீன்தாரர் விஷயம். பெயில் ஆர்டர் கையில கிடைச்சும் வெளிய வர முடியாம கெடக்கறவங்களைப் பாத்தா தாங்காது. ஒடிசாவுல இருந்து மில் வேலைக்கு வந்த பையன், செல்போன் திருட்டு கேஸ், பெயில் கிடைச்சிருச்சு, ரெண்டு ஜாமீன்தாரர் வேணும், வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு வேணும்னா அவனுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? வக்கீல் பெயில் வாங்கிட்டேன்னு கணக்குல ஒண்ணு ஏத்திட்டு அடுத்த கட்டை எடுத்துட்டார். ஆர்டர் குடுத்து ஏழு நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளருக்குத் தெரியப்படுத்தணும்னு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதைக் காட்டி ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மறுபடி மனு போட வச்சோம், ஜாமீன்தாரர் இல்லாம சொந்த ஜாமீன்ல வந்தான். யாரும் பின்னாடி ஓடலன்னா அவன் அங்கேயேதான் இருந்திருப்பான்.

இதுலயே எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் இருக்கு. இந்த சேவை நல்லா நடக்குதான்னு மேல இருந்து அளக்கறப்ப எண்ணிக்கையைத்தான் பாக்கறாங்க, இத்தனை பேருக்கு வக்கீல் குடுத்தோம், இத்தனை கேஸ் முடிஞ்சது, இத்தனை முகாம் நடத்தினோம்னு. எத்தனை தடவை வக்கீல் ஜெயில்ல போய் கட்சிக்காரனைப் பாத்தார், பெயில் கிடைச்சு எத்தனை நாள்ல ஆள் வீடு போய்ச் சேந்தார், சாட்சியை கிராஸ் பண்ணாராங்கறதை எண்ணினாத்தான் தரம் தெரியும். இன்னொண்ணு, அந்தப் பக்கம் போலீஸ், தடய அறிவியல் லேப், அரசு வக்கீல்னு ஒரு படையே இருக்கு, இந்தப் பக்கம் சம்பவ இடத்தைப் போய்ப் பாத்துட்டு வரக்கூட வக்கீலுக்கு ஆள் கிடையாது. மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தலைவரே மாவட்ட நீதிபதிதான், இவங்களோ கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க, அப்ப அதே கோர்ட்ல ஜட்ஜ்கிட்ட ஓங்கிப் பேச ஒரு தயக்கம் வராதா? சில பேருக்கு வரத்தான் செய்யுது.

அவசர அவசரமா வக்கீல் வச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு மத்தியப் பிரதேசத்துல அனோகிலால் வழக்கு இருக்கு. சட்ட உதவி வக்கீலை நியமிச்ச அன்னைக்கே குற்றச்சாட்டு பதிவு பண்ணி, ரெண்டு வாரத்துக்குள்ள விசாரணையை முடிச்சு தூக்கு தண்டனை குடுத்தாங்க. 2019-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி மறுபடி விசாரிக்கச் சொல்லுச்சு. ஆயுள், தூக்கு வர்ற கேஸுக்கு 10 வருஷ அனுபவம் உள்ள வக்கீலைத்தான் பரிசீலிக்கணும், தயார் பண்ண குறைஞ்சது ஏழு நாளாவது குடுக்கணும், கட்சிக்காரனைப் பாத்துப் பேச அனுமதிக்கணும்னும் சொல்லுச்சு. நான் மேல சொன்ன ரெண்டு அளவுகோலும் என் சொந்தச் சரக்கு இல்லன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

உங்க பையனுக்கு இப்ப என்ன பண்ணணும்? கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கு நாளைக்கே போங்க, தாலுகா கோர்ட்னா வட்ட சட்டப்பணிகள் குழு, போக முடியலன்னா 15100-க்கு போன் பண்ணுங்க. வக்கீல் பேரு தெரிஞ்சதும் நீங்களே போய்ப் பாருங்க, சண்டை நடந்த அன்னைக்கு யார் யார் இருந்தாங்க, பையனுக்கும் அடிபட்டுச்சா, செல்போன்ல வீடியோ இருக்கான்னு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, ஆள் இல்லாத அவருக்கு அது பெரிய உதவி. ஜெயில்ல எப்ப சார் பாப்பீங்கன்னு கேளுங்க, இலவசம்தானேன்னு வாயை மூடிட்டு இருக்காதீங்க. பணம் கேட்டாலோ, வாய்தாவுக்கு வரவே இல்லன்னாலோ, செயலாளர்கிட்ட எழுத்துல குடுங்க, வக்கீலை மாத்தித் தருவாங்க, குடுத்ததுக்கு கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் தள்ளிப் போடாதீங்க. போலீஸ் 60 நாளைக்குள்ள சார்ஜ் ஷீட் போடலன்னா பெயில் அவன் உரிமை, கொலை முயற்சி மாதிரி பெரிய பிரிவுன்னா 90 நாள், ஆனா சார்ஜ் ஷீட் உள்ள போறதுக்கு முன்னாடி மனு போட்டாகணும், ஒரு நாள் பிந்தினாலும் போச்சு. எந்த வக்கீலா இருந்தாலும் இந்த நாளை நீங்களும் காலண்டர்ல குறிச்சு வைங்க. ரிமாண்ட் ஆன தேதியும் எஃப்.ஐ.ஆர்.ல போட்டிருக்கற பிரிவும் கீழ எழுதுங்க, அறுபதா தொண்ணூறான்னு நம்ம ஆபீஸ் வக்கீல்கிட்ட கேட்டு சொல்றேன், பையன் பேரும் ஊரும் போட வேணாம்.