ஏழு மெது, ஏழு மொறுமொறு

அன்புள்ள ஐயா,

ஜூன் மாதம் மகளைப் பார்க்க கோபன்ஹேகன் வருகிறேன். டென்மார்க்கில் எந்த ஊரில் எதைச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? நான் சைவம். 'அங்கே பன்றியும் வெண்ணெயும்தான், வேண்டுமானால் நோமா என்கிற விலையுயர்ந்த உணவகத்தில் போய்ப் பணத்தைக் கொட்டு' என்கிறார்கள் நண்பர்கள். நாக்கு செத்த நாடு என்பது உண்மையா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வந்து இறங்கும் முன்பே இப்படி ஒரு சொல்லா? 1986இல் அகதியாக வந்த எனக்குப் பாண் (ரொட்டி) தந்த நாடு இது. யார் அப்படிச் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

பட்டியல் என்றால், ஃபுன் தீவில் ஓட்ஸ் வைக்கோலும் காஞ்சொறியும் எரித்து அந்தப் புகை காட்டி எடுக்கும் வெள்ளைச் சீஸ் இருக்கிறது, தவறவிடாதீர்கள். லேசோ தீவில் நிலத்தடி உப்புநீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள். பொர்ன்ஹோல்மின் புகைபோட்ட ஹெர்ரிங் மீன் உங்களுக்கு ஆகாது. நோமா 2003இல் தொடங்கியது; டேனிஷ்காரரைத் தங்கள் காட்டையும் கடற்கரையையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அது நல்ல காரியம், ஆனால் அதற்காக நீங்கள் கடன்பட வேண்டாம். பன்றி பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஜெர்மன் எல்லையை ஒட்டிய தென் யூலாண்டின் கோப்பி மேசையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கஃபபோர் என்பார்கள். எனக்கு முதலில் வீடு கிடைத்தது அந்தப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில். பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஒரு மூதாட்டி. என் பிள்ளைகளுக்கு அவர்தான் அம்மம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். கோப்பிதானே என்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மேசையில் துணி தெரியவில்லை. அவ்வளவு தட்டுகள்.

ஏழு மெது, ஏழு மொறுமொறு என்பது அங்கே கணக்கு. முதலில் வெண்ணெய் பூசிய பன், பிறகு மெதுவான கேக்குகள், கடைசியில் மொறுமொறு பிஸ்கட்டுகள். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே 'ஒன்றுமில்லை'. நடுவில் அவர் பெருமையோடு வெட்டிய கேக்கில் கோதுமை மாவே கிடையாது. ரை தானியத்தில் சுட்ட, காய்ந்த கறுப்புப் பாணை உதிர்த்து, முட்டை, சீனி, ஹேசல் கொட்டைத் தூளோடு சேர்த்துச் சுட்டு, இடையில் அடித்த கிரீமும் புளிப்பான கறுப்புப் பழ ஜாமும் வைத்தது. பழைய பாணின் புளிப்பு அதில் அப்படியே இருக்கும். நேற்றைய பாணை எறிய மனமில்லாமல் அதையே விருந்தாக்கியவர்களைப் பார்த்தா நாக்கு செத்தவர்கள் என்கிறீர்கள்?

இத்தனை பலகாரம் ஏன் என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் ஒரு பழைய கொப்பி (நோட்டுப் புத்தகம்) கொண்டுவந்தார். அவருடைய அம்மாவின் சமையல் குறிப்புகள். 1864 போரில் டென்மார்க் தோற்று, இந்தப் பகுதி ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1888இல், சமயப் பாடம் தவிர மற்ற எல்லாம் ஜெர்மனில்தான் என்று பள்ளிகளுக்குச் சட்டம் வந்தது. டேனிஷ்காரர் கூட்டம் போட விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. தாங்களே மண்டபம் கட்டினார்கள். அங்கே மது விற்க அனுமதி மறுக்கப்பட்டது. சரி, கோப்பி குடிப்போம் என்றார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் கேக் சுட்டுக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி கொண்டுவந்ததற்கு மேல் இன்னொருத்தி கொண்டுவர, வகை கூடிக்கொண்டே போனது. தின்றார்கள், டேனிஷ் பாட்டுப் பாடினார்கள். எந்த நாட்டோடு சேர்வது என்று 1920இல் நடந்த வாக்கெடுப்பில் அந்தப் பகுதியில் நான்கில் மூன்று பங்கினர் டென்மார்க் பக்கம் நின்றார்கள்.

இதை உணவு வரலாறு என்று மட்டும் படிக்க என்னால் முடியாது. கொப்பியைத் திறந்து காட்டினார். சொற்கள் டேனிஷ். கையெழுத்தோ ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் பழகிய கூரான, சாய்ந்த கையெழுத்து. அவர் அம்மாவுக்கு டேனிஷ் எழுத யாரும் சொல்லித்தரவில்லை. காதால் கேட்டதை, தெரிந்த எழுத்தில் எழுதியிருக்கிறார். பிழை மலிந்த அந்தப் பக்கங்களில் வெண்ணெய்க் கறை. என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். அம்மம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

ஆகவே கோபன்ஹேகனிலேயே இருந்துவிடாதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறித் தெற்கே போங்கள். மதியம் சாப்பிடாமல் போங்கள். தட்டு சுற்றி வரும்போது ஒவ்வொன்றிலும் ஒரு துண்டாவது எடுங்கள், எடுக்காவிட்டால் சுட்டவருக்கு மனம் நோகும். அப்புறம், சைவம் என்று எழுதியிருந்தீர்கள், முட்டை சேர்ப்பீர்களா என்று எழுதவில்லை. அந்தக் கேக்கில் முட்டை உண்டு.

அன்புடன்.