பழைய இன்ஜின் சோறு போடுமா?

விழுப்புரத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண். ஆனால் கவுன்சலிங் பேச்சை எடுத்தால் நழுவுகிறான். "ரயில் மியூசியத்துல வேலை பார்க்கணும், பழைய இன்ஜினையெல்லாம் காப்பாத்தணும்ங்கிறான் சார். லீவு நாளானா கேமராவைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிடறான். இதுல சோறு கிடைக்குமா?"

ஐயா, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயில் பாரம்பரியத்தைப் பாதுகாக்க என்றே விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கும் வேலை நம் நாட்டில் அரிதிலும் அரிது. டெல்லியில் 1977-ல் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் ஒன்று, திருச்சியில் ஒன்று. இவற்றில் காலியிடம் வரும் என்று காத்திருந்தால் பையனுக்கு வயதுதான் ஏறும். உங்கள் பயம் நியாயமானது.

ஆனால் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, வேறு பெயர்களில். ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த தண்டவாளம் ஒன்று போகும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறும். சுவிட்சர்லாந்தில் செய்து வந்த அந்த இன்ஜின்களுக்கு வயதாகிவிட்டபோது, புதிதாக நீராவி இன்ஜின் செய்தது யார்? நம் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப். எண்ணெயில் ஓடுவதைச் செய்தார்கள், பிறகு 2021-ல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்து அனுப்பினார்கள். 1855-ல் இங்கிலாந்தில் செய்த ஃபேரி குயின் இன்ஜினை மறுபடி ஓடவைத்தது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். இதையெல்லாம் செய்தவர்களின் அடையாள அட்டையில் பிட்டர், வெல்டர், மெஷினிஸ்ட், ஜூனியர் இன்ஜினீயர் என்றுதான் இருக்கும். சம்பளம் ரயில்வே சம்பளம்.

உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள்: எந்தப் பழைய இன்ஜின்? நூற்றைம்பது வருட இன்ஜினைக் காப்பாற்ற ஆள் உண்டு, அது பழையது என்று யாருக்கும் தெரியும். நேற்றுவரை ஓடியதுதான் சத்தமில்லாமல் ஏலத்துக்குப் போகிறது. நீங்களே ஏறியிருப்பீர்கள், சென்னைக் கடற்கரைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார இன்ஜின் ஓடியது. இந்தியாவிலேயே மின்மயமான மீட்டர் கேஜ் அது ஒன்றுதான். 1931-ல் கடற்கரை–தாம்பரத்தில் தொடங்கியது, 2004-ல் முடிந்தது. உங்கள் ஊரில் அதை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஐ.சி.எஃப். பெட்டியும் அப்படித்தான். அறுபது வருடத்துக்கு மேல் நாடு முழுக்க நாம் படுத்துத் தூங்கிய அந்தப் பழைய வகைப் பெட்டியின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றது. சிலவற்றை கார் ஏற்றிப்போகும் பெட்டியாக மாற்றினார்கள், சில ஓட்டலாகிவிட்டன. 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் தயாரான டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜினும் இதே வரிசையில் நிற்கிறது. மின்மயம் முடிய முடிய டீசல் ஷெட்டுகளில் வேலை சுருங்குகிறது. கைகாட்டி சிக்னல், டோக்கன் பெட்டி, தேதி குத்திக் கொடுத்த அட்டை டிக்கெட் எல்லாம் போன கதை உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில்தான் உங்கள் மகனுக்குப் பாதை தெரிகிறது என்று நினைக்கிறேன். நீராவி இன்ஜினில் ஒரு பாகம் போனால் வார்த்து, கடைசல் பிடித்து, திரும்பச் செய்துவிடலாம். பொன்மலை செய்து காட்டியிருக்கிறது. 1990-களின் நடுவில் வந்த மின்சார இன்ஜினை அப்படிச் செய்ய முடியுமா? ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து வந்த டபிள்யூ.ஏ.ஜி-9, டபிள்யூ.ஏ.பி-5 இன்ஜின்களில் ஜி.டி.ஓ. என்ற மின்னணுச் சாதனம் இருந்தது. அது வழக்கொழிந்துபோய், இப்போது அதன் இடத்தில் ஐ.ஜி.பி.டி. என்ற புது வகைச் சாதனம் வந்துவிட்டது. இன்னும் முப்பது வருடத்தில் பழைய வடிவிலேயே ஒன்றை ஓடவைக்க வேண்டுமென்றால், உளியும் சுத்தியலும் போதாது. சர்க்யூட் போர்டைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டும், அதற்குள் இருக்கும் மென்பொருளை எடுத்துப் பத்திரப்படுத்தத் தெரிந்தவன் வேண்டும். கணிதமும் இயற்பியலும் நன்றாக வரும் பையனுக்கு எலெக்ட்ரிக்கல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் என்று நான் சொல்வது அதனால்தான். நீங்கள் விரும்பும் இன்ஜினீயரிங்கும் அவன் விரும்பும் இன்ஜினும் அங்கே சேர்கின்றன. அந்தப் படிப்புக்கு ரயில்வேக்கு வெளியிலும் வேலை உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கையால் வேலை செய்யத்தான் பிடிக்கும் என்றால் மெக்கானிக்கல் டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ. போதும். தயவுசெய்து ஐ.டி.ஐ. என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். பொன்மலை, பெரம்பூர், ஐ.சி.எஃப். எல்லாம் ஆக்ட் அப்ரண்டிஸ், அதாவது சட்டப்படியான தொழில் பழகுநர்களை எடுக்கிறார்கள். அப்ரண்டிஸ் முடித்தால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குப் பிறகும் ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத்தின் (ஆர்.ஆர்.பி.) தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் ஓய்வு பெறப்போகும் ஒரு மேஸ்திரியின் பக்கத்தில் ஒரு வருடம் நின்று கற்பது எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. முதலில் ஏதாவது ஒரு பட்டம், பிறகு அருங்காட்சியகவியல். பரோடா பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை 1952 முதல் இருக்கிறது. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் ஆவணப் பாதுகாப்பில் டிப்ளமோ நடத்துகிறது. இன்ஜின் துருப்பிடிக்காமல் நின்றாலும் அதன் வரைபடமும் பராமரிப்புக் குறிப்பேடும் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டால் அது வெறும் இரும்புதான். ஆனால் இதை முதல் படிப்பாக எடுக்க வேண்டாம். தொழில் ஒன்று கையில் இருக்கட்டும், இது அதன்மேல் ஏறி உட்காரட்டும்.

கேமராவைப் பிடுங்கி வைக்காதீர்கள். ஆனால் தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுத்தால் கண்டியுங்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம், ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அப்படி ஒரு வழக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். பிளாட்பாரத்தில் நின்று எடுக்கட்டும், ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கட்டும்.

வரும் சனிக்கிழமை இருவரும் வாருங்கள். மதிப்பெண் சான்றிதழோடு ஒரு நோட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவன் எடுத்த படங்களில் இருபதுக்கு இன்ஜின் எண், எந்த ஷெட், தேதி, இடம் எழுதியிருக்க வேண்டும். கூடவே, விழுப்புரத்தில் மீட்டர் கேஜ் காலத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் சொல்வதை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். படம் எடுப்பதோடு நிற்கிற ஆசையா, உட்கார்ந்து எழுதவும் பொறுமை இருக்கிறதா என்று அதைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.